சூடான மூடியைத் தொடாதே!

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் பேச்சு மூன்றே மூன்று விஷயங்களைச் சுற்றித்தான் இருக்கும். ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா? கூலரில் தண்ணீர் ஊற்றியாயிற்றா? இன்றைக்கு எத்தனை டிகிரி? போன கோடையில் எங்கள் வீட்டில் நான்காவதாக ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது: அக்கா மகன் வாங்கிய கார்.

சாதாரணக் கார் அல்ல. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டாம் கை வண்டிதான் என்றாலும், குருகிராமில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சேர்த்த பணம் அத்தனையும் அதில் போட்டிருந்தான். "இந்தக் காசுக்கு ஊரில் ஒரு மனை வாங்கியிருக்கலாமே" என்று அக்கா தொலைபேசியில் புலம்பினாள். எனக்கு அவனைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயத்தை வேலி ஓரம் நின்று பார்த்த தலைமுறை நான். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்திய ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் ஓட்டுவதைப் பார்க்க என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவன் அவன். ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவரும் ஆக்ரா போய்த் திரும்பினோம். யமுனா விரைவுச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு வந்தது. வெளியே 44 டிகிரி. உள்ளே ஏசி. சூடு காட்டும் முள் நடுவில் ஆடாமல் நின்றது. நொய்டாவை நெருங்கியபோது போக்குவரத்து நெரிசல். வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மாமா, முள் ஏறுது" என்றான்.

முள் சிவப்பைத் தொடும் முன் ஓரம் கட்டிவிட்டான். அதுவரை எல்லாம் சரி. இறங்கி ஓடிப் பின்பக்க டிக்கியைத் திறந்தான். இந்த வகை வண்டியில் எஞ்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் கூலண்ட் தொட்டியின் மூடியும் அங்கேதான். ஒரு கையில் தண்ணீர் பாட்டில். மறு கை மூடிக்குப் போயிற்று.

அந்த நொடியில் என் கண் முன் வந்து நின்றது எங்கள் குடியிருப்புச் சுபேதார் ஐயாவின் வலது கை.

"டேய், கையை எடு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

குக்கர் சொல்லும் பாடம்

சுபேதார் ஐயா வேலூர்ப் பக்கத்துக்காரர். ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவருடைய வலது முன்கை முழுவதும் தோல் சுருங்கி, பளபளவென்று இருக்கும். ராஜஸ்தான் பாலைவனத்தில், இளம் வயதில், கொதித்து நின்ற லாரியின் ரேடியேட்டர் மூடியை ஈரச் சாக்கைச் சுற்றித் திறந்ததற்குக் கிடைத்த பரிசு. "ஒரே நிமிஷ அவசரம் சார். ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம்" என்பார்.

ஏன் இப்படி ஆகிறது? நம் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. குக்கரில் வெயிட் போட்டதும் அழுத்தம் ஏறுகிறது. தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி இருக்கிறது. காரின் ரேடியேட்டர் மூடியும் ஒரு வெயிட்தான். பெரும்பாலான கார்களில் அது ஏறக்குறைய குக்கர் அளவு அழுத்தத்தையே தாங்கிப் பிடிக்கிறது. உள்ளே 110 டிகிரியில் தண்ணீர் இருக்கும்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் சட்டென்று போய்விடும். அடங்கி இருந்த தண்ணீர் அந்தக் கணமே பொங்கி எழும். ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் 1,600 பங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடம் நம் முகமும் கையும்தான்.

ஆவி அடங்காத குக்கரை எந்த இல்லத்தரசியும் திறக்கமாட்டார். அதே வீட்டுப் பிள்ளை காரின் மூடியைத் திறக்கப் போகிறானே, ஏன்? அது குக்கர் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் மேம்பாலத்து நிழலில் காத்திருந்தோம். அதன் பிறகும் கனத்த துணியைப் போட்டுச் சிறிது சிறிதாகத் திருகியபோது 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. பையன் முகம் வெளுத்துவிட்டது. "இது இப்பவே இப்படின்னா, அப்போ..." என்றவன் மேலே பேசவில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

மறுவாரம் முதல் சனிக்கிழமைதோறும் சுபேதார் ஐயாவின் வீட்டு வாசலில் பாடம் நடந்தது. நானும் மாணவன்தான். அவரிடமிருந்தும், பிறகு படித்தும் நான் தெரிந்துகொண்டதை நம் அன்பர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. மாருதிக்கும் இதே கணக்குத்தான்.

பெட்ரோலில் உள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மிச்சம் உள்ள வெப்பத்தைக் கூலண்டும் எண்ணெயும் சுமந்துகொண்டு போய் வெளிக்காற்றில் கொட்ட வேண்டும். எரியும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரியைத் தாண்டும். எஞ்ஜினில் பெரும்பகுதி அலுமினியம். அது 660 டிகிரியில் உருகிவிடும். இடையில் நின்று காப்பாற்றுவது ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர்தான்.

300 குதிரைத் திறன் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் முழு வேகத்தில் ஓடும்போது கூலண்ட் சுமக்க வேண்டிய வெப்பம், குளியலறையில் நாம் வைத்திருக்கும் 2 கிலோவாட் கீசர்கள் ஐம்பதை ஒரே நேரத்தில் போட்டதற்குக் குறையாது. ஆனால் வண்டியோ தாழ்வானது, முகம் சிறியது, எஞ்ஜின் அடைசலான இடத்தில் இருக்கிறது. காற்று போக ஓட்டையைப் பெரிதாக்கினால் காற்றின் எதிர்ப்பும் கூடி வேகம் குறையும். ஆகவே வடிவமைப்பாளர்கள் அளந்து அளந்துதான் வழி விட்டிருப்பார்கள்.

அடுத்தது நம் ஊர் வெயில். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது கூலண்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலண்ட் 100 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் வித்தியாசம் 80. தில்லி வெயிலில் காற்று 45 டிகிரி; வித்தியாசம் 55தான். அதே ரேடியேட்டர், அதே மின்விசிறி. வேலை மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. குளிர்நாட்டில் எந்தத் தொந்தரவும் தராத சிறு குறை நம் ஊரில் பெரிய நோயாக வெளிப்படுவது இதனால்தான்.

காற்றை நம்பியே வாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. 1963இல் அறிமுகமான போர்ஷே 911 காரில் 1998 வரை ரேடியேட்டர் தண்ணீரே கிடையாது. பெரிய விசிறியும் எஞ்ஜின் எண்ணெயுமே சூட்டை வெளியேற்றின. சக்தியும் கூட வேண்டும், புகையும் சத்தமும் குறைய வேண்டும் என்ற நிலை வந்தபோது அந்த நிறுவனமும் தண்ணீருக்கு மாறியது.

எப்போது சூடாகிறது?

"எவ்வளவு சூடாச்சுன்னு அப்புறம் சொல்லு. எப்போ சூடாச்சு, அதைச் சொல்லு முதல்ல" என்பது சுபேதார் ஐயா கேட்ட முதல் கேள்வி. வைத்தியர் நாடி பார்ப்பது போல இது.

வேகமாகப் போகும்போது சரியாக இருந்து, நெரிசலில் சூடேறினால் காற்றுதான் போதவில்லை. ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதுகிறது. நிற்கும் வண்டிக்கு மின்விசிறி ஒன்றே கதி. மின்விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, வயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

நெரிசலில் சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் சூடேறினால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும் பழைய ஹோஸ் குழாய், இவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

எப்போதும் சூடேறினால் கூலண்ட் அளவு, தெர்மோஸ்டாட், ஹெட் காஸ்கட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி போல மாறியிருந்தாலோ, இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

எங்கள் வண்டி முதல் வகை. முன் பம்பரைக் கழற்றிப் பார்த்தோம். இடமும் வலமும் இரண்டு ரேடியேட்டர்கள். அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். இரண்டுக்கும் நடுவில் இருந்தது என்ன தெரியுமா? வேப்பிலைச் சருகு, மண், செத்த பூச்சிகள், ஒரு பால் கவர்! இரண்டு கை நிறைய அள்ளினோம். போதாததற்கு வலப்பக்க மின்விசிறி சுற்றவே இல்லை. அதன் ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவனும் பார்க்கவில்லை.

இந்த இடத்தைச் சுத்தம் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. கார் கழுவும் இடத்துப் பீய்ச்சுக் குழாயை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். பிறகு காற்று போகவே வழி இராது. சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பின்புறமிருந்து முன்புறமாக விடுங்கள். வந்த வழியே குப்பை வெளியேறும்.

"காத்து சோம்பேறி தம்பி. சுலபமான வழி இருந்தா அதுலதான் போகும்" என்றார் ஐயா. ரேடியேட்டரைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாக நழுவிவிடும். தொழிற்சாலையில் வைத்த ரப்பர், ஃபோம் பட்டைகள் விழுந்திருந்தால் திரும்ப ஒட்டுங்கள். வண்டியின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் அப்படித்தான். வேகத்தடையில் உராய்ந்து அது பிய்ந்து போனால் 'தொல்லை விட்டது' என்று விட்டுவிடாதீர்கள். காற்றுக்கு வழிகாட்டுவதும் அதன் வேலை. கூடுதல் விளக்கு, அலங்கார வலை இவற்றை முகத்தில் மாட்டிக் காற்று வழியை மறைப்பதும் தவறு.

முன்பக்க எஞ்ஜின் உள்ள வண்டிகளில் போனட்டின் பின் விளிம்பைச் சற்றே தூக்கி வைத்தால் சூடு வெளியேறும் என்று சிலர் செய்கிறார்கள். நிற்கும்போது வேண்டுமானால் பலிக்கும். வேகத்தில் போகும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம். காற்று வெளியே வருவதற்குப் பதில் உள்ளே நுழையப் பார்க்கும். பலன் தலைகீழ்.

தண்ணீரா, கூலண்டா?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. கூலண்டில் கலக்கும் கிளைக்கால் உண்மையில் தண்ணீரை விடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். பின் ஏன் அதைக் கலக்கிறோம்? கொதிநிலையை உயர்த்துகிறது. துருவும் அரிப்பும் வராமல் காப்பதற்கான மருந்துகள் அதில் இருக்கின்றன. குளிர்நாட்டில் உறையாமலும் காக்கிறது. ஆகையால் 'கூலண்ட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு குளிர்ச்சி' என்று நினைத்து நீர் கலக்காமல் ஊற்றுவது தவறு. கையேட்டில் சொன்ன விகிதமே சரி. பெரும்பாலும் சரிபாதி.

கலக்கும் தண்ணீர் வாலை வடித்த தண்ணீராக இருக்கட்டும். தில்லி ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் கீசருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்ஜினுக்குள்ளும் அப்படியே படியும். படிந்தால் சூடு வெளியே வராது. நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். வகை மாறிக் கலந்தால் சில சமயம் குழம்பாகிக் குழாயை அடைக்கும்.

எஞ்ஜின் பின்னாலும் ரேடியேட்டர் முன்னாலும் உள்ள வண்டிகளில் நீளமான குழாய்கள் வண்டியின் அடி வழியே போகின்றன. கூலண்ட் மாற்றும்போது அவற்றில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் ஓட்டம் தடைப்படும். அந்தக் காற்றை முறைப்படி வெளியேற்றத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

மூடியையும் மறக்காதீர்கள். அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் வெயிட் போடாத குக்கர் கதைதான். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் கூலண்ட் முன்னதாகவே கொதித்துவிடும். மொத்த வண்டியிலும் விலை குறைந்த சாமான்களில் ஒன்று அது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுக்கும் மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் வண்டியைப் பார்த்த ஒருவரும் அதையே சொன்னார். சுபேதார் ஐயா மறுத்துவிட்டார்.

தெர்மோஸ்டாட் என்பது வாசல் காவலன். எஞ்ஜின் சுமார் 80, 90 டிகிரியை எட்டும்வரை கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாது; எட்டியதும் கதவைத் திறந்துவிடும். அதைக் கழற்றினால் காலையில் எஞ்ஜின் சூடாக நேரம் பிடிக்கும். எண்ணெய் இளகாமல் தேய்மானம் கூடும். சில எஞ்ஜின்களில் அதே காவலன்தான் குறுக்கு வழியையும் அடைக்கிறான். அவன் இல்லாவிட்டால் கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே குறுக்கு வழியில் சுற்றிச் சுற்றி வந்து சூடு இன்னும் ஏறும். பழுதானால் புதியது போடுங்கள், கழற்றி எறியாதீர்கள்.

பந்தயத் தடத்தில்

ஃபார்முலா ஒன் காரில் ரேடியேட்டருக்கு மின்விசிறியே இல்லை. ஓடினால்தான் குளிர்ச்சி. அதனால்தான் வண்டி நிற்கும் நேரங்களில் பணியாளர்கள் அதன் பக்கவாட்டு வாய்களில் ஊதுகுழல் விசிறிகளைப் பொருத்துகிறார்கள். வெயில் ஊர்களில் உடற்கூட்டின் வெளிவாய்களைப் பெரிதாக்கி, கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துக் குளிர்ச்சியை வாங்குகிறார்கள்.

எந்திரம் மட்டுமல்ல, மனிதனும் சூடேறுகிறான். அதே கிரேட்டர் நொய்டா தடத்தில் 2023 செப்டம்பரில் மோட்டோ ஜிபி இருசக்கரப் பந்தயம் நடந்தபோது, வெப்பம் கருதி 24 சுற்றுகளை 21 ஆகக் குறைத்தார்கள். உலகத்தின் சிறந்த வீரர்களே வெயிலுக்குப் பணிந்து போகும்போது நாம் வீம்பு பிடிக்கலாமா?

பந்தயக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. பந்தயம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டியபின்தான் நிறுத்துவார்கள். வேகமாக ஓட்டிவந்து சட்டென்று எஞ்ஜினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய சூடு அங்கேயே நிற்கும் கூலண்டையும் எண்ணெயையும் வேகவைக்கும். டர்போ உள்ள வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். வீடு சேரும் முன் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள்.

நடுவழியில் முள் ஏறினால்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து வண்டியில் வைத்துக்கொள்ளலாம்.

1. முள் வழக்கத்தை விட ஏறியதும் ஏசியை அணையுங்கள். கண்டென்சரின் சூடு ரேடியேட்டர் மேல் விழுவது நிற்கும்.

2. கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். 44 டிகிரியில் ஹீட்டரா என்று சிரிக்காதீர்கள். ஹீட்டர் என்பது வண்டிக்குள் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். நாம் வியர்த்தால் எஞ்ஜின் பிழைக்கும்.

3. முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி தெரிந்தாலோ பத்திரமான இடத்தில் ஓரம் கட்டி எஞ்ஜினை அணையுங்கள். 'வீடு பக்கம்தானே' என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும்.

4. குழந்தைகளையும் முதியவர்களையும் வண்டியை விட்டு இறக்கி, சாலையை விட்டு விலகி, நிழலில் உட்கார வையுங்கள். குடிக்கும் தண்ணீரை முதலில் மனிதர்களுக்குக் கொடுங்கள்.

5. ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். எஞ்ஜினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம். அதன் அருகே கை வைக்காதீர்கள்.

6. கொதிக்கும் எஞ்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். சூடான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் விட்ட கதையாகும்.

7. கை வைத்தால் மூடி வெதுவெதுப்பாக இருக்கும் நிலை வந்தபின், கனத்த துணி போட்டு, முகத்தை விலக்கி, மெல்ல மெல்லத் திருகுங்கள். சந்தேகம் இருந்தால் திறக்கவே வேண்டாம். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு ஆகும் செலவு கைக்கு ஆகும் செலவை விடக் குறைவு.

ஒரு ரெசிஸ்டர், புதிய மூடி, கூலண்ட், நான்கு சனிக்கிழமை உழைப்பு. எங்கள் வண்டி குணமாயிற்று. ஜூன் மாத நெரிசலிலும் முள் நடுவை விட்டு அசையவில்லை.

முதல் சவாரிக்குச் சுபேதார் ஐயாவைத்தான் உட்கார வைத்தான் பையன். அவ்வளவு தாழ்வான இருக்கையில் அவர் இறங்கி உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "ஏசி நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

இப்போது அந்த வண்டியின் டிக்கியைத் திறந்தால் மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். 'சூடான மூடியைத் தொடாதே' என்று தமிழில் பையன் தன் கையால் எழுதியது. கீழே அதையே இந்தியிலும் எழுதியிருக்கிறான், மெக்கானிக்குகளுக்காக.

தமிழில் எழுதியது யாருக்கு என்று கேட்டேன்.

"எனக்குத்தான் மாமா" என்றான்.